வலது கைக்கு ரெண்டு பாக்கி

சத்தியவேடு பஸ் நிலையத்தில் கிளம்பும்போது செய்தி இவ்வளவுதான் இருந்தது: ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் எண்ணூறு பேர் காலையில் குனிந்தார்கள், மத்தியானம் வரை நிமிரவில்லை, கம்ப்யூட்டர் நிமிரச் சொல்ல மறந்துவிட்டது. நாகலாபுரம் தாண்டுவதற்குள் எண்ணூறு இரண்டாயிரம் ஆனது. புத்தூரில் நாலு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரேணிகுண்டா ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், அந்த நாலு பேரும் கட்டிலில் கூடக் குனிந்தபடியேதான் படுத்திருக்கிறார்கள் என்று, பக்கத்துக் கட்டிலில் இருந்து எழுந்து வந்தவர் மாதிரிச் சொன்னார். திருப்பதிக்குப் போனபோது விஷயத்தில் பக்தி சேர்ந்துகொண்டது. வேண்டுதலை மறந்த முதலாளிக்கு மலைமேல் இருப்பவர் கொடுத்த தண்டனையாம்.

விசாரித்தால் வதந்தி சுருங்கும். இதுவும் சுருங்கியது. குனிந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். குனிந்திருந்தது பதினோரு விநாடி. ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஒருவர், அதுவும் பல்வலிக்கு. எந்த ஊரிலும் மாறாமல் நின்ற விஷயம் ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் காரணம் சத்தியவேட்டில் பஞ்சர் கடைக்குப் பக்கத்து அறையில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கும் பிரேமலதா. இது உண்மை. கொஞ்சம் பெரிய உண்மை என்பதால், நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

பிரேமலதாவின் அப்பா கன்னையா, ஊர் எல்லையில் இருக்கிற ரைஸ் மில்லில் மூட்டை எண்ணுகிறவர். நிலம் என்று அவர்கள் குடும்பத்துக்கு இருந்தது செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது மட்டும்தான். வீட்டில் மகள் தமிழ் பேசினாள், பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் படித்தாள், இண்டர் என்கிற பன்னிரண்டாவது முடித்ததும் சென்னைக்குப் போய் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். போன் அதிகம் வராத ஸ்டூடியோ அது. சும்மா இருக்க முடியாமல், பாடுகிறவர்களின் குரலில் இருந்து மூச்சு வாங்குகிற சத்தத்தை வெட்டி எடுக்கக் கற்றுக்கொண்டாள். ஆறு வருஷத்தில் எத்தனை பேருடைய மூச்சை நிறுத்தினாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஊரிலிருந்து எல்லாரும் சென்னைக்கு வேலைக்குப் போன காலத்தில் போனவள், சென்னைப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆட்கள் இந்தப் பக்கம் வேலைக்கு வர ஆரம்பித்தபோது திரும்பி வந்தாள். மில்லில் இருந்து கிழிந்த சாக்குகளை வாங்கி ஸ்டூடியோ அறையின் சுவர் முழுக்க அடித்தாள். சத்தம் எதிரொலிக்காது. ஆனால் சாக்கில் ஒட்டியிருந்த தவிடு மூக்கில் ஏறும். அந்த ஸ்டூடியோவில் பதிவான எந்த விளம்பரத்திலும் முதல் தும்மல் வெட்டப்பட்டிருக்கும். பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடிக்கும் மெஷின் நிற்கிற இடைவெளியில்தான் பதிவு. மெஷின் ஓடும் நேரம் எடிட்டிங்.

தொழில் பெரும்பாலும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக ஓட்டுகிற விளம்பரம். ஒரே ஜவுளிக்கடைக்குத் தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. தமிழில் இருபது விநாடியில் முடிகிற தள்ளுபடி தெலுங்கில் இருபத்தாறு விநாடி ஓடும். பின்னால் ஓடும் இசையோ ஒன்றுதான். அதனால் பேச்சை இழுப்பதும் சுருக்குவதும் அவளுக்குக் கைவந்த வேலையாகிவிட்டது. ரொம்ப இழுத்தால் பேசுகிறவர் கிணற்றுக்குள் இருப்பார், ரொம்பச் சுருக்கினால் எலிப்பொறிக்குள் இருப்பார். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தத் தெரிந்தவள் சுற்றுவட்டாரத்து மூன்று மண்டலத்திலும் அவள் ஒருத்திதான்.

அவள் புருஷன் முரளிதரன் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தான். மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட். ஏப்ரலில் பன்னிரண்டு பேரைப் பர்மனெண்ட் செய்யப் போகிறார்கள் என்றும், அந்தப் பட்டியல் எச்.ஆர். புருஷோத்தமன் மேஜைக்குள் இருக்கிறது என்றும் பேச்சு. பட்டியலில் பெயர் வராதவர்களுக்குக் காண்ட்ராக்டும் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் கம்பெனியில் தினமும் எட்டு மணிக்கு நாலு நிமிஷம் உடற்பயிற்சி உண்டு. கடல் தாண்டி இருக்கிற தலைமைக் கம்பெனியின் ஏற்பாடு. ஒலிபெருக்கியில் அந்த நாட்டு மொழியில் ஒரு குரல் எண்ணும். அது எண்ணுகிறதா, திட்டுகிறதா என்று யாருக்கும் தெரியாததால் ஆளுக்கு ஒரு திசையில் கையை வீசினார்கள். ஒருநாள் ஒருவன் வீசிய கை பக்கத்து ஆளின் மூக்கில் பட்டது. நமக்குப் புரிகிற மாதிரி ஒரு எண்ணிக்கைப் பாட்டு வேண்டும் என்றார் புருஷோத்தமன். முரளிதரன் கையைத் தூக்கினான்.

"என் வீட்டுக்காரி செய்வாங்க சார்."

"சரி. நல்லா வந்துச்சுன்னா ஏப்ரல்ல பாக்கலாம்," என்றார் புருஷோத்தமன். அவர் சித்தூர்க்காரர். முடியாது என்பதையும் பார்க்கலாம் என்றுதான் சொல்வார். முடியும் என்பதையும் அப்படித்தான்.

முதலில் பிரேமலதா தன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினாள். "இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள்" என்று ஒலிபெருக்கி சொன்னதும், பெண்கள் வரிசையில் நின்ற சுந்தரி என்பவள் பக்கத்தில் இருந்தவளிடம், "எத்தினி பர்சென்ட்டு தள்ளுபடியாம்?" என்று கேட்டாள். அந்த வரிசை சிரித்தது, அடுத்த வரிசை சிரித்தது, பயிற்சி அங்கேயே முடிந்தது. மூன்று வருஷம் ஜவுளிக்கடைக்குக் கூவிய குரலை வைத்துக்கொண்டு வேறெதையும் கூவ முடியாது என்பதை அன்றைக்குத்தான் பிரேமலதா தெரிந்துகொண்டாள்.

சாயங்காலம் முரளிதரன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "உங்க நைனா கொரலு போட்டா இன்னா? அங்க வேல செய்யிறவன் பாதிப் பேரு அந்த மில்லுல மூட்ட தூக்கினவன். மாமா எண்ணினா ஒடம்பு தானா நவுரும்."

யோசனை நல்ல யோசனைதான். அதன் விலை தன் முதுகிலிருந்து போகப் போகிறது என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

கன்னையாவின் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாரியில் குறுக்கே எட்டு மூட்டை ஒரு வரி. அவர் ஒன்று என்று தொடங்க மாட்டார்; முதல் மூட்டை லாபம். பிறகு ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அதற்கு அடுத்த எண்ணின் பெயரை அந்தப் பக்கத்தில் தானியத்துக்கு முன்னால் சொல்வதில்லை. ஆகாது. "ஆறும் ஒண்ணு" என்பார். பிறகு எட்டு, சாக்பீஸில் ஒரு கோடு, மறுபடி லாபம். ஆக, ஏழாவது மூட்டைக்கு மட்டும் வாய்க்கு இரட்டை வேலை.

பிரேமலதா அவரை ஸ்டூடியோவில் மைக் முன்னால் உட்காரவைத்தாள். அவர் இரண்டு தடவை தும்மினார்.

"எண்ணு நைனா."

"இன்னாத்த?"

"சும்மா எண்ணு. எட்டு வரைக்கும். பன்னண்டு வாட்டி."

"மூட்ட எங்க?"

"மூட்ட இல்ல நைனா. எண்ணிக்க மட்டும் போதும்."

"மூட்ட இல்லாத எண்ணினா அதுக்குப் பேரு பொய்யி," என்று அவர் எழுந்து துண்டை உதறினார். அதில் இருந்து பறந்த தவிட்டில் பிரேமலதா தும்மினாள்.

"உன் மருமவனுக்கு வேல பர்மனெண்ட் ஆவும் நைனா."

"ஆவட்டும். மூட்டயக் காட்டு, எண்ணுறேன்."

அதனால் ஸ்டூடியோ மில்லுக்குப் போனது. மில்காரர் முனிகிருஷ்ணன், ஒரு லாரிக்குத் தொண்ணூற்றாறு மூட்டை ஏற்றுகிற நாளில் மைக்கைக் கொண்டுவரச் சொன்னார். ஒரே நிபந்தனை. தூக்குகிற ஆட்கள் எட்டுப் பேர் வேண்டும். ஏழு பேர்தான் இருக்கிறார்கள்.

"எங்க ஆளையெல்லாம் உங்க கம்பெனிதான் இழுத்துக்கினு பூட்சி," என்று முரளிதரனைப் பார்த்துச் சொன்னார். "ஒருத்தன் நீ வா. பேக்கிங்கு செய்யிற கைதானே."

வரிசையில் ஏழாவது இடம் அவனுக்குக் கிடைத்தது. அவனுக்குப் பின்னால் எட்டாவதாக முனியப்பன், இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறவர். பிரேமலதா சரிவுப் பலகைக்குப் பக்கத்தில் மைக்கை நட்டுவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கன்னையா தொண்டையைச் செருமினார்.

லாபம், ரெண்டு, மூணு. முதல் நாலு வரி, குதிரை ஓட்டம். ஆறாவது வரியில் ஆட்களுக்கு வேர்த்தது, எண்ணிக்கை தளர்ந்தது. எட்டாவது வரி முடிந்து டீ. டீக்குப் பிறகு ஒன்பதாவது வரி மறுபடி பாய்ந்தது. இதெல்லாம் ஒரு பக்கம். ஒவ்வொரு வரியிலும் ஏழாவது மூட்டை வரும் இடத்தில் எண்ணிக்கை தனியாக ஒரு மூச்சு நின்றது. முரளிதரன் பலகையில் ஏறிக்கொண்டிருப்பான். மூட்டை தன்னைக் கடக்காமல் கன்னையா வாயை மூட மாட்டார். "ஆஆறும்…" என்று இழுத்துக்கொண்டே மருமகனைப் பார்ப்பார். அவன் கடந்ததும் "ஒண்ணு."

பதினோராவது வரியில் அவன் பலகையின் நடுவில் நின்றுவிட்டான். கன்னையாவின் "ஆறும்" நாலு விநாடி நீண்டது.

"மாப்ள, எனக்கு மூச்சு அவ்ளோதான் கீது," என்று அவர் முகமே சொன்னது. வாய் இழுத்துக்கொண்டிருந்ததால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டாவது வரி. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. முரளிதரன் மூட்டையோடு இரண்டடி வைத்தான். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மூட்டையைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னால் முனியப்பன் தன் மூட்டையோடு நின்றார்.

"நீங்க போங்கண்ணே," என்றான் முரளிதரன்.

"நான் எட்டாவது ஆளு. எட்டுக்கு முன்னாடி நீ போவணும். நான் பூட்டா உன் நம்பரு எனக்கு வரும். காலைலேர்ந்து என்ன அவுரு எட்டுன்னுதான் கூப்புடறாரு," என்று முனியப்பனும் மூட்டையை இறக்கி வைத்தார். சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லாரிக்காரனுக்கு அவசரம். தொண்ணூற்று நாலோடு கிளம்பிவிட்டான்.

வீட்டில் முரளிதரனைக் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்தபடி பிரேமலதா கணக்குப் போட்டாள். பாட்டுக்கு வேண்டியது தொண்ணூற்றாறு எண்ணிக்கை. கையில் இருப்பது தொண்ணூற்று நாலு. அது பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை. பத்தாவது வரியில் இருந்து "ஆறும் ஒண்ணு, எட்டு" என்ற துண்டைப் பிரதி எடுத்துப் பன்னிரண்டாவது வரியின் வாலில் ஒட்டினாள். அப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். கன்னையா கடைசி வரி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் தலை நின்றது.

"இது ரெண்டும் பத்தாவது வரில போனதாச்சே."

"ஒரே மாதிரிதான நைனா கீது."

"எனக்குத் தெரியாதா என் கொரலு? முப்பது வருசமா எண்ணுறேன். ஏத்தின மூட்டைய மறுக்கா ஏத்தின மாதிரி எண்ணினவன்னு எவனாச்சும் என்னச் சொல்லிக்கிறானா? அத எடுத்துடு."

"கம்ப்யூட்டர்ல எல்லாரும் இப்டித்தான் செய்வாங்க நைனா."

"அப்போ கம்ப்யூட்டர மில்லுல வேலைக்கு வெக்காத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்துவிட்டாள். பயிற்சியின் கடைசிப் பகுதி இடது கை எட்டு எண்ணிக்கை, பிறகு குனிவது, பிறகு வலது கை எட்டு. அந்த வலது கைக்கு ஆறோடு எண்ணிக்கை நிற்கும், பின்னணிக்கு அவள் சேர்த்த மேளம் ஒரு முத்தாய்ப்பு வைத்து முடித்துவிடும். நாலு நிமிஷம் கையைக் காலை வீசிய களைப்பில் யார் எண்ணப் போகிறார்கள்?

இனி மெஷின் வேலை. பயிற்சிக்கு ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வேகம்: கையை நீட்டுவது மெதுவாக, குதிப்பது வேகமாக, மூச்சு விடுவது இன்னும் மெதுவாக. கன்னையாவின் எண்ணிக்கைக்கோ ஆட்களின் களைப்புதான் வேகம். இரண்டையும் சேர்க்க வேண்டும். சாஃப்ட்வேரில் மேலே ஒரு கோடு உண்டு. எந்த நிமிஷத்தில் என்ன வேகம் என்று அதில் புள்ளி வைத்தால், மேளம் அப்படியே அடிக்கும், கீழே இருக்கிற குரல் துண்டுகள் தாமே இழுபட்டோ சுருங்கியோ அந்த வேகத்துக்கு வந்து உட்காரும். ஒரே ஒரு குணம். ஒவ்வொரு துண்டும் தன் தலை எந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கிறதோ அந்த வேகத்தைத்தான் வால் வரைக்கும் வைத்துக்கொள்ளும். துண்டின் நடுவில் வேகம் மாறினால் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால், வேகம் மாறுகிற இடத்தில் துண்டை வெட்ட வேண்டும்.

பிரேமலதாவுக்கு இது தெரியும். பன்னிரண்டு வரியையும் பன்னிரண்டு துண்டாக வெட்டினாள். ஒரு வரிக்கு ஒரு வேகம், ஒரு வரிக்கு ஒரு துண்டு, வில்லங்கம் இல்லை. ஏழாவது எண்ணிக்கைகளை மட்டும் தனியாகக் கொஞ்சம் நெருக்கி, புருஷனின் இளைப்பை மறைத்தாள். பதினோராவது வரியின் நாலு விநாடி "ஆறும்" மட்டும் நெருக்க நெருக்க எலிப்பொறிக்குள் போனது. குனியும் பகுதி எப்படியும் மெதுவானதுதான் என்று அதை அப்படியே விட்டாள். சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாம் கச்சிதமாக இருந்தது. அப்போதுதான் புருஷோத்தமன் போன் செய்தார்.

"மேடம், எங்க கம்பெனி டாக்டர் ஒரு பாயிண்ட் சொல்றாரு. குனியறது ரொம்ப ஸ்லோவா குனியணும். ஆறு வரைக்கும் மெல்ல மெல்ல. அப்புறம் லாஸ்ட் ரெண்டுல ஸ்பீடா நிமிந்துடணும். அவ்வளவுதான், சின்ன சேஞ்ச்."

"இப்பவே வேணுமா சார்?"

"மண்டே பெரிய சார் பாக்கறாரு."

பெரிய சார் என்றால் தலைமைக் கம்பெனியில் இருந்து வந்து ஆலையை நடத்துகிறவர். பிரேமலதா பதினோராவது வரியின் மேல் ஒரு புள்ளியை இறக்கினாள், ஆறுக்குப் பிறகு இன்னொரு புள்ளியை ஏற்றினாள். ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும் என்பதுதான் அந்த சாஃப்ட்வேரின் பெருமை. தானாக மாறியதை முதல் இரண்டு நிமிஷம் கேட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது. பஞ்சர் கடையில் ஒரு டிராக்டருக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார்கள். டிராக்டர் சக்கரம் பெரியது. காத்திருக்காமல் அனுப்பிவிட்டாள்.

அந்த ஒரு துண்டின் நடுவில் இப்போது இரண்டு வேகம். அவள் வெட்டவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணி. லாபம் என்று கன்னையாவின் குரல் கேட்டதும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்குத் தோள் தானாகச் சாய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. கைகள் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக இறங்கின. புருஷோத்தமன் கைகட்டி நின்று, இதையெல்லாம் தானே பெற்று வளர்த்தவர் மாதிரிப் பார்த்தார். பதினோராவது வரி. மெல்ல மெல்லக் குனிந்தார்கள். அஞ்சு. ஆறு. மேளம் டக்கென்று வேகம் எடுத்தது. குரல் எடுக்கவில்லை. தலையில் இருந்த மெதுவேகத்தை வால் வரைக்கும் இழுத்துக்கொண்டு, ஏற்கெனவே நாலு விநாடி நீண்டிருந்த சொல்லை இன்னும் நீட்டியது.

"ஆஆஆஆ…"

மேளத்தை நம்பாதீர்கள், குரலை நம்புங்கள் என்று புருஷோத்தமனே பயிற்சி கொடுத்திருந்தார். நம்பினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு தலையும் தரையைப் பார்த்தபடி இருக்க, மேலே மேளம் கல்யாண ஊர்வலம் மாதிரித் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"…ஆஆஆறூஊஊ…"

அந்த நேரத்தில்தான் பெரிய சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அந்த ஆலையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு திருகாணி கீழே விழுந்தால், கிடைக்கிற வரைக்கும் எல்லாரும் குனிந்து தேட வேண்டும். கிடைக்காமல் வேலை நடக்காது. மொத்த ஆலையும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை. அவரும் குனிந்தார். கன்வேயர் மேஜைக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினார்.

"…ஊஊம் ஒண்ணு. எட்டு."

எல்லாரும் நிமிர்ந்தார்கள். பெரிய சாரும் நிமிர்ந்தார். அவர் விரல்களுக்கு நடுவில் ஒரு திருகாணி இருந்தது.

எட்டேகாலுக்கு முரளிதரனின் போன் வந்தது. பிரேமலதா எடுத்தாள்.

"இன்னா பண்ணி வெச்ச நீ? உங்க நைனா அழுவுற மாதிரி கீது. முன்னூறு பேரு இடுப்பப் புடிச்சிக்கினு நிக்கிறான். என்ன ஆபீசுக்குக் கூப்புட்றாங்க."

"எங்க தப்பாச்சி?"

"குனியிற எடத்துல. போன வைக்கிறேன். மதியானத்துக்கு எனக்குச் சோறு வீட்லயே ஆக்கிடு, அநேகமா வந்துடுவேன்."

அவள் பதினோராவது வரியைத் திறந்து போட்டுக் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. ஆறுக்குப் பிறகு ஒரே ஒரு வெட்டு. வால் துள்ளி எழுந்து மேளத்தோடு சேர்ந்துகொண்டது. மூன்று வருஷக் காண்ட்ராக்டை அறுக்க இருந்த தப்பைத் திருத்த மூன்று விநாடி போதுமாயிருந்தது. அந்த எரிச்சலில் அவள் அரிசியை இரண்டு தடவை கழுவினாள், உப்பைப் போட மறந்தாள். பதினோரு மணி வரைக்கும் போன் வரவில்லை. தானே பேசி, தப்பு என்னுது, அவருது இல்ல என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தபோது அது அடித்தது. புருஷோத்தமன்.

"மேடம், அந்தப் பதினோரு செகண்டு…"

"சரி பண்ணிட்டேன் சார். இப்பவே அனுப்புறேன்."

"வத்து மேடம், வத்து," என்று அவசரத்தில் தெலுங்குக்குத் தாவினார். "வேண்டாம். சரி பண்ணாதீங்க."

பெரிய சார் கையில் கிடைத்த திருகாணி அன்றைக்கு விழுந்ததில்லை. வெள்ளிக்கிழமை யார் கண்ணிலும் படாமல் விழுந்தது. வெள்ளிக்கிழமைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில், ஒரு மெஷினில் அந்த இடம் காலியாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அது லாரி ஏறியிருக்கும். பெரிய சார் சந்தோஷத்தில் எல்லாருக்கும் லட்டு வாங்கச் சொன்னார். புருஷோத்தமன் அரை மணி நேரத்தில் ஒரு அறிக்கை எழுதினார்: உடற்பயிற்சியோடு சேர்ந்த தரை ஆய்வு, பதினோரு விநாடி, சிந்தனை எச்.ஆர். பிரிவு. அறிக்கையில் டாக்டர் இல்லை, சின்ன சேஞ்ச் இல்லை, சத்தியவேடும் இல்லை.

"அப்போ அவரு பேரு சார்?"

"பாக்கலாம் மேடம்," என்றார் புருஷோத்தமன்.

பதினோரு விநாடி அப்படியே இருக்கட்டும், அந்த அழுகை மட்டும் தினமும் கேட்கக் கூடாது என்று பிரேமலதா முடிவு செய்தாள். தப்பாக வந்ததைத் தப்பில்லாமல் மறுபடி செய்வது லேசான வேலையில்லை. பழைய துண்டை அப்படியே விட்டால் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. மேளம் தனியாக ஓடியது. ஆறுக்குப் பிறகு வெட்டி, "ஆறும்" என்பதற்குத் தனியாக ஒரு வேகம் வைத்து, மேளத்தையும் அதற்குத் தகுந்தாற்போல் படுக்கவைத்து, "ஒண்ணு" வரும் இடத்தில் மறுபடி வெட்டி, இரண்டையும் ஒன்றாக எழுப்பினாள். சரியாகப் பதினோரு விநாடி. இப்போது அது கேட்பதற்கு அழுகை மாதிரி இல்லை. ஒரு மனிதர் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டே எண்ணுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு மில்லில் நடந்ததும் அதுதானே. கன்னையாவும் கேட்டுவிட்டு, "இதுல கள்ளம் இல்ல," என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

ஏப்ரலில் பட்டியல் வந்தது. பன்னிரண்டு பெயரில் பதினோராவதாக முரளிதரன். பர்மனெண்ட் ஆட்கள் பயிற்சியில் முன்வரிசையில் நின்று மற்றவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். முன்வரிசையில் நின்ற பிறகுதான், தன் கை எங்கே போகிறது என்று முந்நூறு பேர் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது. வலது கை மேலே போய் ஆறோடு அனாதையாக நிற்பதை அவர்களும் பார்த்தார்கள்.

சுந்தரிதான் முதலில் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தியவேடு கடைத்தெருவில் பிரேமலதாவை வழிமறித்தாள்.

"அக்கா, எடது கைக்கு எட்டு. வலது கைக்கு ஆறு. வேல செய்யிறது வலது கை. அதுக்கு ரெண்டு பாக்கி வெச்சிக்கிறீங்களே, இது இன்னா ஞாயம்?"

"எங்க நைனாவக் கேளு."

"கேட்டேன். உங்க வீட்டுக்காரரக் கேக்கச் சொன்னாரு."

அதுதான் சிக்கல். முனிகிருஷ்ணன் அந்த லாரியின் குறையை அடுத்த லாரியில் வேறு மூட்டைகளை ஏற்றி நேர்செய்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு மூட்டையும் சரிவுப் பலகைக்குப் பக்கத்தில், போட்ட இடத்திலேயே இருக்கின்றன. கன்னையா யாரையும் தொடவிடவில்லை. ஒன்றின் மேல் சாக்பீஸில் மு என்று எழுதியிருக்கிறார், இன்னொன்றின் மேலும் மு: முரளிதரன், முனியப்பன். மருமகன் வந்து தூக்கட்டும், அன்றைக்கே எண்ணித் தருகிறேன் என்கிறார்.

முரளிதரன் தூக்குவதாக இல்லை. பர்மனெண்ட் ஆள் வெளியில் மூட்டை தூக்கினால் கம்பெனி ரூல்ஸ் ஒத்துக்கொள்ளாது என்கிறான். அப்படி ஒரு ரூல்ஸ் இல்லை என்பது பிரேமலதாவுக்குத் தெரியும். ரூல்ஸ் இருப்பது அவன் இடுப்பில்.

"நீ பாட்டுக்கு ஒரு ஆறும் ஒண்ண ஒட்டிவுடு. மாமாவுக்கு எப்டித் தெரியும்?" என்று சோற்றுத் தட்டின் முன்னால் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"தெரியும்," என்றாள் பிரேமலதா. "நீ போய்த் தூக்கு. ஒரு மூட்டதான."

"நான் தூக்கினா எட்டுக்கு யாரு? முனியப்பன் அண்ணன் வரணுமே."

முனியப்பன் வர மாட்டார். இருபது வருஷம் மில்லில் இருந்தவர், இந்த வருஷம் அதே கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் நிற்கிறார்.

ஆகவே தினமும் காலை எட்டு மணி மூன்று நிமிஷத்துக்கு மேல், ஸ்ரீ சிட்டியில் அந்த ஆலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு வலது கைகள் மேலே போகின்றன. அஞ்சு. ஆறு. மேளம் முத்தாய்ப்பு வைத்து நிற்கிறது. கைகள் உடனே இறங்குவதில்லை. முன்வரிசையில் இருந்து முரளிதரன், தூக்கிய கைக்கு அடியில் முகத்தைத் திருப்பி, பின்னால் பார்க்கிறான். முனியப்பன் கையைத் தூக்கியபடி, நீ முதல்ல போ என்பதுபோல முகவாயை ஆட்டுகிறார்.